பெட்டி மூடுமுன் எடுத்த படம்

அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று நாங்கள் எடுத்துக்கொண்ட படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது நான்தான். "ஒன்ன யாரு போடச் சொன்னா?" என்று அண்ணன் பிறகு என்மேல் பாய்ந்தான். சொன்னதே அவன்தான். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு அட்டை அடிக்க வேண்டும், அப்பா படம் யாரிடம் இருந்தாலும் போடுங்கள் என்று குரூப்பில் எழுதியிருந்தான். என் போனைத் தேடித் தேடிப் பார்த்தேன். அப்பா இருக்கிற படம் என்று இது ஒன்றுதான் அகப்பட்டது. போட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெட்டியை மூடுமுன் குடும்பமாக நின்று படம் எடுப்பது வழக்கம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் மிரண்டுபோவார்கள். எங்களுக்குக் கல்யாணப் படம் எப்படியோ அப்படித்தான் இதுவும். எங்கள் ஊர் நாசரேத்தில் பழைய வீடு எதிலாவது ஆல்பத்தை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள், நடுவில் ஒரு பெட்டியும் சுற்றிலும் விறைப்பாகப் பிள்ளைகளுமாக ஒரு படமாவது கட்டாயம் இருக்கும். அதுவரை அழுது புரண்டவர்கள்கூட அந்த ஒரு நிமிஷம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள்.

நான் போட்ட படத்தில் பெட்டிக்குள் அப்பா கோட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். தலைமாட்டில் நாற்காலியில் அம்மா. பெட்டிக்குப் பின்னால் வரிசையாக அண்ணன், நான், தம்பி. எங்களுக்கும் பின்னால் அண்ணன் பெண்டாட்டி மைனி, என் வீட்டுக்காரர், தம்பி பெண்டாட்டி, பேரப்பிள்ளைகள். அவ்வளவுதான் படம். பதினொரு மாதமாக என் போனில் கிடந்தது. அதற்குமேல் அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இத்தனைக்கும் என் பிழைப்பே படம் பார்ப்பதுதான். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருக்கிறேன். ஏற்றுமதிக் கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரக்கு ஏற்றும்போது படம் எடுத்து அனுப்புவார்கள். காலியாக ஒன்று, பாதி ஏற்றியது ஒன்று, முழுசாக ஏற்றியது ஒன்று, கதவைச் சாத்திய பிறகு ஒன்று, சீல் நம்பர் தெரிகிற மாதிரி ஒன்று. ஒரு பெட்டி குறைந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். "மேடம் கண்ணுல ஸ்கேனர் இருக்கு" என்று ஆபீஸில் கிண்டல் பண்ணுவார்கள். அந்தக் கண்ணைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

படத்தைப் போட்டதும் குரூப்பில் வரிசையாகக் கும்பிடுகிற கைகள் வந்தன. அழுகிற பொம்மைகள் வந்தன. "பெரியப்பா தூங்குற மாதிரியே இருக்காவ" என்று ஒருத்தி எழுதினாள். "பெட்டி நல்லா அமைஞ்சிருக்கு, எங்கன செய்யச் சொன்னீய?" என்று இன்னொருவர். சரி, வயசானவர், அவருக்கு அவர் கவலை. மூன்றாவதாக ஒருத்தி "சித்தி, ஒங்க சேலை பார்டர் சூப்பர், எந்தக் கடை?" என்று கேட்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

கேட்டது சித்தப்பா பேரனுக்கு வாக்கப்பட்டு வந்த கோயம்புத்தூர்ப் பெண். கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. "பெரிய மாமாவுக்கும் சித்திக்கும் நடுவுல யாருக்குங்க இடம் விட்டிருக்கீங்க? அவங்க வர்றதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாங்களா?" என்று எழுதியிருந்தாள்.

படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். இடம் இருந்தது. அண்ணன் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். தம்பியும் நானும் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். பின்வரிசைக்காரர்கள்கூட அந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்கிறார்கள். அதன் வழியாகப் பின்னால் ஜன்னல் கம்பி தெரிகிறது.

அது அக்கா நிற்கிற இடம்.

அப்பா டிரில் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்தியது போதாது என்று வீட்டிலும் எங்களை நிறுத்துவார். வருஷாவருஷம் புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டு வாசலில் குடும்பப் படம். பிறந்த வரிசையில் நிற்க வேண்டும். அண்ணன், அக்கா, நான், தம்பி. ஒரு கை நீட்டி அடுத்தவர் தோளைத் தொட்டு இடைவெளி பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது இடம் மாறி நின்றால் படமே கிடையாது, மறுபடி முதலிலிருந்து. ஒரு வருஷம் நான் சண்டை போட்டுக்கொண்டு அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் தானாக நகருகிற வரைக்கும் எல்லாரையும் வெயிலில் நிற்க வைத்தார். எங்கள் நாலு பேருக்கும் தூக்கத்தில் எழுப்பி நிறுத்தினாலும் இடம் தெரியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போனாள். அங்கே திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்து மீன்பிடிக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் ஆர்.சி. கத்தோலிக்கர், கடற்கரைக்காரர். நாங்கள் புராட்டஸ்டன்ட். ஒரே வேதப்புத்தகம்தானே என்று கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் அன்றைக்கு அப்படிக் கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. இனி அவள் இந்த வாசல்படி ஏறக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த புத்தாண்டுக்குப் படம் எடுக்கிறவர் வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குடும்பப் படமே எடுக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் நின்றதுதான் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

அன்றைக்குப் படம் எடுத்தவர் இரண்டு தடவை சொன்னார். "அண்ணாச்சி, கொஞ்சம் நெருங்கி நில்லுங்க." எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாரும் அசையவில்லை. "இருக்கட்டும், எடுங்க" என்றான் அண்ணன். அவளுக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டவனும் அவன்தான்.

இனி என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா விடியற்காலையில் போனார். அண்ணன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளுக்குச் சொல்லாண்டாம். அப்பாவுக்குப் பிடிக்காது" என்றான். நான் தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏளா, அக்காவுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேம்மா" என்றேன். அவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய். அன்றைக்குப் பெட்டியை மூடுகிற வரைக்கும் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவள் அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

மகள் கேள்விப்பட்டும் வரவில்லை என்றுதான் பதினொரு மாதமாக அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "வந்து ஒரு பிடி மண்ணு போடணும்னு அவளுக்குத் தோணலியே" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். முறுக்கை விழுங்கினேன், உண்மையையும் விழுங்கினேன். அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயசு. இருதயத்தில் வால்வு சரியில்லை என்று மாத்திரையில் ஓடுகிறது. அந்த எண்ணத்தோடேயே அவள் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வாய் என்று எனக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். நானும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கோயம்புத்தூர்ப் பெண்ணின் கேள்விக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. அறுபது பேர் பார்த்திருந்தார்கள். காற்றுப் போன டயர் மாதிரி குரூப் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அண்ணன் போனில் வந்தான்.

"ஏளா, அந்தப் படத்த அழி."

"எதுக்கு?"

"ஊருக்கே வெளம்பரம் போட்டுட்டு எதுக்குன்னா கேக்க? அழின்னா அழி."

"நீதான படம் போடச் சொன்ன? அண்ணே, அன்னைக்கு நீ ஏன் நகர்ந்து நிக்கல?"

"நீ நகர்ந்தியா?" என்றான்.

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான், சொன்ன பிறகு அதில் பிடிவாதமாகிவிட்டேன்.

சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து தம்பி குரல்பதிவு அனுப்பினான். "அக்கா, நான் அன்னைக்கே பாத்தேன். நீ ஏன் இப்படி என்மேல ஒட்டிக்கிட்டு நிக்கேன்னு கேக்க வாயெடுத்தேன். பொறவு புரிஞ்சுது. வாய மூடிக்கிட்டேன்" என்றான். சின்னவன், அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் மைனி கூப்பிட்டாள். அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். மைனி அடுப்படியில் நின்று ரகசியமாகப் பேசினாள். தம்பி மகள் போனில் படத்தைப் பெரிசாக்கிக் காட்டியிருக்கிறாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாளாம். அப்பா முகத்தைப் பார்க்கவில்லையாம். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் விரலை வைத்து, "இங்கன அவ நிக்கணும்" என்றாளாம்.

"பொறவு என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"எம் பிள்ளைக எடம் விட்டுக் காத்துக்கிட்டு நின்னுருக்குதுவ. அப்பவும் வரலியே அவ, அப்படின்னாவ. போனக் குடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டாவ. மத்தியானம் சாப்பிடல."

நான் சொன்ன பொய் என்னோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது அதற்குப் படம் சாட்சி சொல்கிறது. கூப்பிட்டோம், இடமும் விட்டோம், ராங்கி பிடித்தவள் வரவில்லை என்று சொல்கிறது. அந்தப் படத்தை அம்மா கண்ணில் படும்படி போட்டவளும் நான்தான். போதும் என்று முடிவு செய்தேன். அடுத்த மாதம் எல்லாம் கிடையாது. இந்த வாரமே இதை நேர் பண்ண வேண்டும், யார் குறுக்கே விழுந்தாலும் சரி.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் திரேஸ்புரத்துக்கு ஸ்கூட்டியை விட்டேன். நான் தூத்துக்குடிக்குக் குடிவந்து பதினைந்து வருஷம் ஆகிறது. என் வீட்டிலிருந்து அக்கா வீடு மூன்று கிலோமீட்டர் இருக்காது. அவளைப் பார்த்துவிடக் கூடாது என்று மீன் வாங்க வேறு பக்கம் போகிறவள் நான். ஒரே ஒரு தடவை ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரெதிரே வந்தோம். "நல்லாருக்கியா?" என்றாள். "இருக்கேன்" என்றேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். தெருவில் பாதியை வலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அக்கா முன்னறையில் டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. முகம் அப்படியே அப்பா.

"அம்மாவுக்கு என்னளா?" என்றாள் முதலில்.

"அம்மா நல்லாருக்கா" என்றேன். அவள் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். "பாருக்கா, ஒனக்கு எடம் விட்டுத்தான் நின்னுருக்கோம். எங்களுக்கே தெரியாம" என்றேன். அவள் கண் கலங்குவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், அப்படியே நினைவு ஆராதனைக்குக் கூப்பிட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

அவள் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. அப்பா முகத்தை மட்டும் பெரிசாக்கினாள். "ரொம்ப மெலிஞ்சிட்டாவளே" என்றாள். "சவரம் பண்ணது யாரு? மீசைய இப்படி வெட்டிருக்கான்" என்றாள். கடைசியில்தான் படத்தைச் சுருக்கி முழுசாகப் பார்த்தாள்.

"எடம் விட்டீயளோ?" என்றாள். "ஆளக் கூப்பிடாம எடத்த மட்டும் விட்டீயளோ?"

போனை என் கையில் திருப்பித் தந்தாள்.

"எனக்கு எப்பத் தெரியும் தெரியுமா? மூணாம் நாளு. நாசரேத்துக்கு மீன் கொண்டுபோற பொம்பள வந்து, டீச்சர், ஒங்கப்பா போயிட்டாவளாமேன்னு கேக்கா. அப்பத்தான் எனக்குத் தெரியும். இங்கன நின்னு கதறுனேன். இந்தத் தெருவே வந்துச்சு துட்டி கேக்க. எங்கப்பா மூஞ்சியப் பாத்திராத ஜனம் எல்லாம் வந்து எங்கூட உக்காந்து அழுதுச்சு. எங்கப்பா வீட்டுல இருந்து ஒரு நாயும் வரல."

எங்கள் ஊர்ப்பக்கம் சாவுக்குத் துட்டி என்று சொல்வோம். செத்தவருடைய ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போய்த் துட்டி கேட்டுவிட்டு வர வேண்டும். சண்டைக்காரர்கள்கூடப் போவார்கள். போகாமல் இருந்தால் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அப்பா செத்ததற்கு அண்ணன் வீட்டில் மூன்று மாதம் ஆள் வந்துகொண்டே இருந்தது. அப்பாவுக்கு அக்காவும் பிள்ளைதான், அவள் வாசலுக்கும் போக வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நினைவு ஆராதனைக்கு வாக்கா" என்றேன்.

"வரமாட்டேன். அம்மா ஏன் வரல? அவ்வளவு வெறுப்பா எம்மேல?"

"அம்மாவுக்கு வெறுப்பு இல்ல. நீ கேள்விப்பட்டும் வரலன்னு நெனச்சிக்கிட்டிருக்கா."

"அப்படி யாரு சொன்னா?"

சொன்னேன். அம்மா கேட்டதையும் நான் பொய் சொன்னதையும் பதினொரு மாதம் சும்மா இருந்ததையும் சொன்னேன். அக்கா என்னை ஓங்கி அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்தான் செஞ்சிருப்பான்னு நெனச்சேன்" என்றாள். "நீயாளா?"

நோட்டுகளை அடுக்கி வைத்தாள். எழுந்து வாசல் பக்கம் போய் நின்றாள். "போ. போய் அம்மாட்ட சொல்லு, எங்கிட்ட சொன்ன மாதிரி. சொல்லிட்டுக் கூட்டிட்டு வா. அம்மா எனக்குத் துட்டி கேக்கட்டும். சொல்லாம கூட்டிட்டு வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு நான் மட்டும் நாசரேத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் நினைவு அட்டையின் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அட்டையில் ஆதார் கார்டு படத்தைப் போட்டிருந்தார்கள். அதில் அப்பா யாரையோ கைது பண்ணப் போகிறவர் மாதிரி இருந்தார்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "அம்மா, அன்னைக்கு நான் அக்காவுக்குச் சொல்லல" என்றேன்.

அண்ணன் அட்டையை வைத்துவிட்டு எழுந்தான். "ஏளா, இப்ப எதுக்கு அது? அம்மா ஒடம்பு இருக்க இருப்புல..."

"அண்ணே, நீ பேசாம இரு. ஒம்மேல பழி போட வரல. நீ சொல்லாண்டாம்னு சொன்ன, அதோட நின்னுட்ட. அம்மாகிட்ட பொய் சொன்னது நான். அக்காவுக்கு மூணாம் நாளுதான் தெரியும்மா. அவ வரமாட்டேன்னு சொல்லல. நாங்கதான் கூப்பிடல. அவளுக்கு ஒருத்தரும் துட்டி கேக்கலன்னு சொன்னா."

அம்மா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். "மைனிய வரச்சொல்லு, வெள்ளச் சேலைய எடுத்துத் தரட்டும்" என்றாள்.

"எங்கம்மா?" என்றான் அண்ணன்.

"துட்டிக்கு."

"நீங்கதானம்மா துட்டிக்காரி. ஒங்களுக்குத்தான் மத்தவுக வரணும். நீங்க போய் இன்னொருத்தருக்குக் கேக்கறது எங்கயாவது உண்டா? ஊரு சிரிக்கும்."

"அவளுக்கும் அப்பன்தானல செத்தான்" என்றாள் அம்மா. அண்ணனை அவள் சின்னப் பையனிடம் பேசுகிற மாதிரி 'ல' போட்டுப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவன் தலைமையாசிரியர் ஆன பிறகு அவளே அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நிற்பான் என்று எதிர்பார்த்து நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவன் உள்ளே போனான். அம்மாவின் மாத்திரைப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "ரெண்டு மணிக்கு வெள்ள மாத்திர" என்றான்.

காரில் அம்மா என் பக்கம் திரும்பவில்லை. குரும்பூர் தாண்டியது, ஆத்தூர் தாண்டியது, முக்காணிப் பாலத்தில் ஏறி இறங்கினோம், ஒரு வார்த்தை இல்லை. திட்டு, நாலு வார்த்தை திட்டிவிடு என்று எனக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். பழையகாயலைத் தாண்டி உப்பளம் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் ஒங்கிட்டச் சொல்லிட்டியான்னு கேட்டப்ப மணி என்ன இருக்கும்?"

"ஏழு இருக்கும்மா."

"பெட்டிய மூடுனது?"

"நாலு மணி."

"தூத்துக்குடியில இருந்து வர ஒரு மணி நேரம் ஆகுமா?"

"ஆகும்."

எனக்குக் கண் மறைத்தது. ஓரமாக வண்டியை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

அக்கா தெருவுக்குள் கார் போகாது. முனையில் நிறுத்திவிட்டு அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனேன். வலையை மிதிக்காமல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். அக்கா வாசலில் நின்றாள். அவள் "வாங்க" என்று சொல்லவில்லை. துட்டி வீட்டில் வாங்க என்று கூப்பிடுவதில்லை, வந்தவர்களும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அம்மாவும் எதுவும் பேசாமல் படியேறினாள். ஏறியதும் என் கையை உதறினாள்.

"நீ இங்கனயே நில்லு" என்றாள்.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "எம் மக்கா, ஒங்கப்பன் போயிட்டாவளே, ஒனக்குச் சொல்லாமப் போயிட்டாவளே" என்று அம்மா அழுதாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். விஷயம் புரிந்ததும் அவர்களும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் வெயிலில் நின்றேன். கடற்கரையிலிருந்து அத்தான் வந்தார். அக்கா கல்யாணம் பண்ணிக்கொண்ட அந்த மனிதரை நான் அருகில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். நான் உட்காரவில்லை. அம்மா நிற்கச் சொல்லியிருக்கிறாள், நிற்பது என்று நின்றேன். கால் கடுத்தது. கடுக்கட்டும் என்று இருந்தது.

இரண்டு மணிக்கு வெள்ளை மாத்திரையை அத்தானிடம் கொடுத்து அனுப்பினேன். உள்ளேயிருந்து அழுகை குறைந்து பேச்சுச் சத்தம் வந்தது. நடுவில் ஒரு தடவை அம்மா சிரித்த மாதிரிகூட இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

மூன்று மணிக்குமேல் அம்மா வெளியே வந்தாள். அக்கா வாசல்வரைக்கும் வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். துட்டிக்கு வந்தவள் அப்படித்தான் போக வேண்டும், எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குப் பதறியது. பத்தொன்பது வருஷம் கழித்து வந்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போகிறாளே, இதோடு முடிந்ததா, இனி எப்போது என்று மனசு அடித்துக்கொண்டது.

தெருமுனையில் காரின் கதவைத் திறந்து அம்மாவை உட்கார வைத்தேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தவள், நான் கதவைச் சாத்தப் போகும்போது தடுத்தாள். காலையில் இருந்து அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"துட்டிக்கு வந்தவ நான், சொல்லிட்டு வரக்கூடாது. நீ போய் அக்காகிட்ட சொல்லு. வார ஞாயித்துக்கிழம அம்மா சோத்துக்கு வாறான்னு சொல்லு" என்றாள். நான் திரும்பினேன். பின்னாலிருந்து மறுபடியும் அவள் குரல் வந்தது.

"ஏளா, இந்த வாட்டியாவது போய்ச் சொல்லு."

அக்கா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். அம்மா சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.